புதர் மண்டிய முன்தோட்டமும் அதைத் திருத்தும் முறையும்

தில்லி மாநகரில் அரசாங்கச் சிப்பந்திகள் குடியிருக்கும் பழைய காலனிகளில், மழைக்காலம் முடியும் தறுவாயில் நடந்து செல்வோர்க்கு ஒரு காட்சி தவறாமல் புலப்படும். ஒரே மாதிரியாகக் கட்டப்பட்ட வீடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் முன்னும் ஏறக்குறைய ஆறு மீட்டர் அகலமும் நாலரை மீட்டர் ஆழமும் உள்ள நிலத்துண்டு இருக்கும். ஆனால் சில வீடுகளின் முகப்பே கண்ணுக்குத் தெரியாது. வாயிற்படியின் இருபுறமும் அழகுக்காக வைத்த மோர்பங்கிச் செடிகள் கூரைக்கு மேல் ஓங்கி நிற்கும். சன்னலுக்குக் கீழே நட்ட துராந்தா சன்னலையே மூடியிருக்கும். சுற்றுச்சுவரோரத்து உயிர்வேலி நடைபாதையில் பாதியை விழுங்கியிருக்கும். வீட்டினுள்ளே பகலிலும் விளக்கு எரியும்.

குடியிருப்போரை வினவினால் இருவகை மறுமொழி கிடைக்கும். அனைத்தையும் வெட்டியெறிந்துவிட்டுச் சிமெண்டுத் தளம் போட்டுவிடலாம் என்பர் சிலர். பச்சைப்பசேலென்று இருப்பதை ஏன் தொட வேண்டும் என்பர் வேறு சிலர். முன்னவர் சொற்படி நடந்தால் கோடையில் வீடு அடுப்பாகும். மழைநீர் மண்ணுள் இறங்க வழியின்றிச் சாக்கடைக்கு ஓடும். பின்னவர் சொற்படி நடந்தால் சுவரில் ஓதம் ஏறும். புதரடியில் எலியும், எலியைத் தேடிப் பாம்பும் வந்து சேரும். மறந்துபோன பூத்தொட்டிகளிலும் தகர டப்பாக்களிலும் தேங்கும் நீரில், ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாட்களுக்குள், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற்றுவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கள அலுவலர்களிடமும் பள்ளி ஆசிரியர்களிடமும் பொதுமக்கள் இதைப் பற்றி அடிக்கடி ஆலோசனை கேட்பதுண்டு. பள்ளியின் முன்தோட்டமும் பல இடங்களில் இதே நிலையில்தான் உள்ளது.

இந்நிலைக்குச் செடிகளைக் குறை கூறுவதில் பயனில்லை. நர்சரியில் விற்பனைக்கு வைத்திருக்கும் மோர்பங்கி அரை மீட்டர் உயரத்தில், கூம்பு வடிவில், இருகைக்குள் அடங்குவதாக இருக்கும். வாங்குவோர் அதன் அன்றைய அளவைக் கண்டே இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். அது முற்றும் வளர்ந்தால் ஐந்தாறு மீட்டர் உயரும் என்பது அதன் பையின்மேல் எழுதப்பட்டிருப்பதில்லை. அரசாங்கக் குடியிருப்புகளில் இக்குறை இரு மடங்காகிறது. செடியை நட்டவர் மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுகிறார். அடுத்து வருபவர் இருப்பதை விட்டுவிட்டு, இடைவெளி காணும் இடத்தில் தமக்குப் பிடித்த ஒன்றை நடுகிறார். இவ்வாறு ஐந்தாறு குடும்பங்கள் வந்து போனபின், நட்டவர் எவரும் தம் செடியின் முழு உருவத்தைக் கண்டதில்லை. அந்த முழு உருவத்தோடு வாழ்பவர் எவரும் அதை நட்டவரல்லர்.

நாட்டளவிலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. உண்ணிச்செடி எனப்படும் லாண்டானா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்திற்கு அழகுச் செடியாக வந்து, பங்களாக்களுக்கு வேலியாகி, பின்னர் காடுகளை ஆக்கிரமித்தது. அண்மைக் காலத்தில் சாலையோரங்களிலும் வீட்டு முகப்புகளிலும் விரைந்து வளரும் பசுமைக்காக நடப்பட்ட கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரத்தைக் குஜராத் அரசு 2023-இல் தடை செய்தது. விரைவாக வளர்வது என்பது விற்பவர் கூறும் நற்சான்று. ஐந்தாண்டு கழித்து அதுவே குற்றச்சாட்டாகிவிடுகிறது.

முதலில் அளத்தல்

அரிவாளை எடுக்குமுன் நாடாவை எடுக்க வேண்டும். ஒரு தாளில் நிலத்துண்டை அளவுப்படி வரைந்து, வீட்டுச் சுவர், கதவு, சன்னல்கள், தண்ணீர்க்குழாய், கழிவுநீர்க் குழாயின் மூடிகள், மின்கம்பி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு செடியின் அடித்தண்டு நிற்கும் இடத்தைப் புள்ளியாலும் அதன் விரிவை வட்டத்தாலும் குறிக்க வேண்டும். அடித்தண்டைக் காணக் குனிந்து புதருக்குள் தலையை நுழைக்க நேரும். குளவிக் கூடும் பாம்பும் இருக்கக்கூடுமாதலால் முன்கூட்டியே நீண்ட கோலால் தட்டிப் பார்ப்பது நல்லது. இருபது செடி என்று எண்ணியிருந்தது ஏழு செடியின் கிளைகளே என்பது பல வீடுகளில் அப்பொழுதுதான் விளங்கும்.

அடுத்துத் திசையைக் குறிக்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகின்றனர். எனவே சற்று விரிவாகக் கூறுவது அவசியம். தில்லி ஏறக்குறைய 28.6 பாகை வட அட்சரேகையில் உள்ளது. ஜூன் மாத இறுதிப் பகுதியில் நண்பகல் ஞாயிறு அடிவானிலிருந்து 85 பாகை உயரத்தில், அதாவது அநேகமாகத் தலைக்கு நேரே நிற்கும். டிசம்பரில் அதே நண்பகலில் 38 பாகை உயரத்தில் தென்திசையில் தாழ்ந்து நிற்கும். வீட்டின் தெற்கே ஐந்து மீட்டர் உயரமுள்ள செடியொன்று இருந்தால், ஜூன் நண்பகலில் அதன் நிழல் அரை மீட்டர்கூட நீளாது. டிசம்பர் நண்பகலில் அது 6.4 மீட்டர் நீளும். நமது நிலத்துண்டின் ஆழமோ நாலரை மீட்டர். எனவே அச்செடி கோடை நண்பகலில் வீட்டுக்கு நிழல் தராமல், குளிரில் நடுங்கும் மாதங்களில் மட்டும் வீட்டின் வெயிலைத் திருடுகிறது. அதே செடி மேற்குப் புறத்தில் நின்றால் கதை மாறும். மே மாதத்துப் பிற்பகல் வெயிலும் லூ என்னும் அனற்காற்றும் சுவரைத் தாக்காமல் அது தடுக்கும். ஆகவே ஒரு செடி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு அதன் பெயரைக் கொண்டு மட்டும் விடை கூற இயலாது.

ஆசிரியர்கள் இதைக் கணக்குப் பாடமாகவே நடத்தலாம். ஒரு மீட்டர்க் கோலைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, மாதந்தோறும் ஒரே நாளில் நண்பகல் நிழலை அளந்து வரச் செய்தால், மாணவர்களே தம் ஊருக்குரிய அட்டவணையைத் தயாரித்துவிடுவர். ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்பதே இதிலுள்ள சங்கடம்; எனினும் முன்தோட்டத்தைத் திருத்த முற்படுபவர் ஓராண்டு பார்த்துக்கொண்டிருப்பது வீண்போகாது. எந்தக் கிழங்கு எந்த மாதத்தில் தலைகாட்டுகிறது, எந்தப் புதர் பூக்கிறது என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.

எது தழைக்கும், எது தழையாது

அளத்தல் முடிந்தபின் ஒவ்வொரு செடியையும் மூன்று வகையில் ஒன்றாகப் பிரிக்க வேண்டும்: அப்படியே விடத்தக்கது, வெட்டிப் புதுப்பிக்கத்தக்கது, அடியோடு நீக்கத்தக்கது. இவற்றுள் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறியச் செடியின் உடலமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

நெடுநாள் மேலோட்டமாகவே கத்தரித்துவந்த புதரை விலக்கிப் பார்த்தால், வெளியே ஒரு சாண் கனத்துக்குப் பசிய போர்வையும் உள்ளே வெறுங்குச்சிகளின் கூடும் தென்படும். வெளியிலைகள் வெளிச்சத்தை மறைப்பதால் உள்ளிலைகள் தாம் செலவிடும் உணவையும் தாமே ஆக்கிக்கொள்ள இயலாமல் உதிர்ந்துபோகின்றன. ஆயினும் அந்த வெறுங்குச்சிகளின் பட்டைக்குள்ளே உறங்கும் மொட்டுகள் பல தாவரங்களில் இருக்கின்றன. நுனியில் வளரும் மொட்டு அவற்றை விழிக்கவொட்டாமல் வைத்திருக்கிறது. நுனியிலிருந்து கீழிறங்கும் ஆக்சின் என்ற பொருளுக்கு இதில் பங்குண்டு என்பதை 1930-களில் திமான், ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் அவரைச் செடியைக் கொண்டு காட்டினர். செடியின் சர்க்கரை பெரும்பாலும் நுனிக்கே ஈர்க்கப்படுவதும் ஒரு காரணம் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. நுனியை நீக்கினால் தடை நீங்கும், சர்க்கரை கீழ்மொட்டுகளுக்குக் கிடைக்கும், துளிர் கிளம்பும்.

செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, மருதாணி, துராந்தா, காகிதப்பூ, பவளமல்லி, வடநாட்டார் காமினி என்றழைக்கும் வெண்பூப் புதர் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை மிகத் தாழ வெட்டினும் மீண்டும் தழைக்கும். மோர்பங்கியோ ஊசியிலைத் தாவரங்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் பழங்கிளைகளில், பசுமை முற்றும் நீங்கிய பகுதியில், விழிப்பதற்கு மொட்டு இல்லை. பசிய பகுதிக்குள் மட்டும் வெட்டினால் பிழைக்கும். அதைத் தாண்டி வெட்டினால் வெட்டிய இடம் என்றென்றும் மொட்டையாகவே நிற்கும்.

இதை நான் நூலில் படித்து அறிந்தேன் என்று கூறினால் அது பொய்யாகும். இக்கட்டுரையாளன் தாவரவியல் நிபுணன் அல்லன். நிபுணர்களின் எழுத்தைத் தமிழாக்குவதைத் தொழிலாகக் கொண்டவன். எனக்கு ஒதுக்கப்பட்ட வீட்டின் வாயிலில் நின்ற இரு மோர்பங்கிகளில் ஒன்றை, சன்னலுக்கு வெளிச்சம் வரவேண்டுமென்று, வேறொரு செடிக்கு எழுதப்பட்ட விதியை நம்பி இடுப்பளவுக்கு வெட்டச் செய்தேன். தோட்டக்காரர் தயங்கினார். இரும்புக் கம்பியைப் போன்ற பழுப்புக் குச்சிகளின் கூட்டமாக அது இரண்டு குளிர்காலம் நின்றது. வாசலுக்கு வந்த ஒவ்வொருவரும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள். பின்னர் அதை வேரோடு பெயர்க்க நேர்ந்தது. தோட்டக்காரரின் தயக்கத்துக்குக் காரணம் கேட்டிருந்தால் அச்செடி இன்னும் இருந்திருக்கும்.

ஐயமுள்ள செடிக்கு ஒரு சோதனை உண்டு. அதன் பழந்தண்டுகளில் பயனற்ற ஒன்றை மட்டும் பிப்ரவரியில் முழங்காலளவில் வெட்டி, ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். துளிர்த்தால் ஏனையவற்றையும் வெட்டலாம். துளிர்க்காவிடில் நட்டம் ஒரு தண்டோடு போயிற்று. தண்டு உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தால் போதும். அடியில் பசுமை தெரிந்தால் உயிருண்டு.

பல தண்டுகள் அடியிலிருந்து கிளம்பும் புதர்களை ஒரே ஆண்டில் மொட்டையடிக்க வேண்டுவதில்லை. மிக முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நீக்கி, அடுத்த ஆண்டு மற்றொரு பங்கையும் அதற்கடுத்த ஆண்டு எஞ்சியதையும் நீக்கினால், மூன்றாண்டு முடிவில் புதர் முழுவதும் புதியதாகிவிடும். அதற்கிடையே வீடு மறைவின்றியும் இராது. ஒட்டுக்கட்டிய ரோஜாவில் மட்டும் ஒட்டுக்குக் கீழே வெட்டலாகாது. வெட்டினால் தழைப்பது ரோஜாவாக இராது, அதைத் தாங்கிய காட்டுச்செடியாக இருக்கும். உயிர்வேலியை வெட்டும்போது அடி அகன்றும் முடி குறுகியும் இருக்கச் செய்ய வேண்டும். நம் தோட்டங்களில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே வெட்டுகின்றனர். மேற்புறம் குடைபோல் விரிந்து அடியிலைகளுக்கு வெயில் கிட்டாமல், சில ஆண்டுகளில் வேலியின் கீழ்ப்பகுதி ஆடு நுழையும் அளவுக்கு ஓட்டையாகிறது.

கனத்த கிளையை நீக்க மூன்று வெட்டு வேண்டும். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிளையின் அடிப்புறத்தில் சிறிது இரம்பத்தால் அறுத்து, அதற்கும் சற்று அப்பால் மேலிருந்து முழுவதும் அறுத்துக் கிளையை வீழ்த்தி, பின்பு எஞ்சிய முண்டைத் தண்டுக்கு அருகே நீக்க வேண்டும். கிளை தண்டோடு சேருமிடத்தில் மோதிரம் போன்ற ஒரு பருமன் இருக்கும். அதை வெட்டலாகாது. வெட்டுவாயில் தார் பூசும் வழக்கம் இன்னும் பல இடங்களில் உள்ளது. அமெரிக்க வனத்துறையில் பணிபுரிந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து ஆராய்ந்து, மரத்தின் காயம் நம் தோலைப்போல் ஆறுவதில்லை என்றும், மரம் அப்பகுதியைச் சுற்றிச் சுவரெழுப்பி அடைத்துவிட்டுப் புதுக்கட்டையை அதன்மேல் வளர்க்கிறது என்றும் 1970-களில் நிலைநாட்டினார். மேற்பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை. அந்த மோதிரப் பருமன்தான் சுவரெழுப்பும் இடம். ‘காயம் ஆறுகிறது’ என்று பல கட்டுரைகளில் நானே எழுதியிருக்கிறேன். அது திருத்தத்தக்க சொல்.

காலமும் சட்டமும்

வட இந்தியச் சமவெளியில் கடுமையாக வெட்டத் தகுந்த காலம் பிப்ரவரி. பனி அச்சம் நீங்கியிருக்கும். துளிர் இன்னும் கிளம்பியிராது. மார்ச்சு பிறந்துவிட்டால் புதர் நமக்கு மட்டும் சொந்தமாக இராது. கொண்டைக்குருவிகள், தையற்சிட்டுகள், தேன்சிட்டுகள் கூடுகட்டத் தொடங்குகின்றன. கூடுள்ள புதரைக் குஞ்சுகள் பறந்து போகும்வரை விட்டுவைப்பதே முறை. சிட்டுக்குருவி கட்டடப் பொந்துகளில் கூடு வைப்பதாயினும், அந்தியில் கூட்டமாகத் தங்க அதற்கு அடர்ந்த மருதாணியும் காகிதப்பூவும் வேண்டும். தில்லி அரசு 2012-இல் சிட்டுக்குருவியைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது. அதே ஊரில் ஒரே வாரத்தில் தெருவின் எல்லா உயிர்வேலிகளையும் நீக்கிவிட்டுக் குருவியைக் காணோமே என்று வருந்துவோரும் உள்ளனர். ஓர் ஆண்டில் ஒரு பாதியையும் மறு ஆண்டில் மறு பாதியையும் திருத்தினால் இது நேராது.

சட்டத்தையும் மறத்தல் கூடாது. 1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம் மரம் என்பதற்குத் தரும் இலக்கணம் பலருக்கு வியப்பளிக்கும். கிளைகளைத் தாங்கும் தண்டு உடைய மரத்தன்மையுள்ள எத்தாவரமும், தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் தண்டின் குறுக்களவு 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் மொத்த உயரம் ஒரு மீட்டருக்குக் குறையாமலும் இருந்தால், மரமே ஆகும். எனவே நாம் புதர் என்று எண்ணும் பழைய மோர்பங்கியும் ஒற்றைத்தண்டு அரளியும் சட்டத்தின் கண்ணில் மரமாகலாம். அவற்றை வீழ்த்த மர அதிகாரியின் அனுமதி வேண்டும். கிளை நீக்குவதற்கு உரிய விதியையும் முன்னரே விசாரித்துக்கொள்வது நல்லது. அரசாங்கக் குடியிருப்பாயின் பராமரிப்பு அலுவலகத்துக்கும் எழுத வேண்டும். பிற மாநிலங்களில் விதிகள் வேறுபடும். கள அலுவலர் தம் பகுதியின் விதியை ஒரு தாளில் எழுதிக் கைவசம் வைத்திருந்தால், கேட்பவர்க்கு வெட்டிய பிறகு அல்லாமல் வெட்டுமுன் சொல்ல முடியும்.

நீக்குதலும் நீக்கியவற்றின் கதியும்

அடியோடு எடுக்க வேண்டிய செடியின் தண்டை முதலிலேயே தரைமட்டத்தில் வெட்டிவிடுவது தவறு. ஒரு மீட்டர் நீளத் தண்டை விட்டுவைத்து, சுற்றிலும் குழி தோண்டிப் பக்கவேர்களை அறுத்தபின், அத்தண்டையே நெம்புகோலாகக் கொண்டு அசைத்துப் பெயர்க்கலாம். குழாய்களும் மின்வடமும் செல்லும் இடத்தில் கடப்பாரையை வீசலாகாது. அடிக்கட்டையைப் புதைத்தே விட்டுவிட்டால் அது கறையானுக்கு விருந்தாகும். வீட்டுச் சுவருக்கு ஒரு மீட்டர் தூரத்தில் கறையானை வளர்ப்பது அறிவுடைமையாகாது. பைகஸ், ஆல், அரசு முதலியவற்றின் வேர் கழிவுநீர்க் குழாயை உடைப்பதாகக் கூறுவர். வழக்கமாக நடப்பது வேறு. குழாயின் மூட்டில் முன்பே கசிவு இருக்கும். ஈரத்தை நாடி வேர் நுழைந்து, பின்பு பருத்து, விரிசலைப் பெரிதாக்கும். ஆகவே மரத்தை மட்டும் நீக்கிவிட்டுக் குழாயைச் செப்பனிடாமல் விட்டால் அடுத்து நடும் செடியின் வேரும் அங்கேயே செல்லும்.

இனிக் கூறுவதைக் கள அலுவலர்கள் தனிக் கவனத்தோடு பரப்ப வேண்டும். வெட்டிய தழைகளைத் தெருவோரத்தில் குவிப்பது நம் வழக்கம்; தெருவில் திரியும் மாடுகளும் ஆடுகளும் அவற்றை மேய்வதும் வழக்கம். அரளியும் பொன்னரளியும் கொடிய நஞ்சு. உலர்ந்த பிறகும் அரளி இலையின் நஞ்சு நீங்குவதில்லை. சிறு அளவே இதயத்தைப் பாதித்துக் கால்நடையைக் கொல்லப் போதுமானது. உண்ணிச்செடியைத் தின்ற மாட்டுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்து உரியும். துராந்தாவின் மஞ்சள் பழங்கள் குழந்தைகளைக் கவர்வன, அவையும் நஞ்சுடையவை. இத்தழைகளைக் கையுறை அணிந்து தனியே கட்டி, கால்நடைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அரளியை எரிப்பதும் தீங்கு. அதன் புகையும் ஊறு விளைக்கும். பொதுவாகவே திறந்த வெளியில் இலைதழைகளைக் கொளுத்துவதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தில்லியில் தடை செய்தது.

நஞ்சற்ற தழைகள் எருவாக வேண்டும். இதற்கான முறை நம் நாட்டிலேயே உருவாயிற்று. 1924 முதல் 1931 வரை இந்தூரில் தாவர ஆராய்ச்சி நிலையத்தை நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டு, தம் உடன்பணியாளர் யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து, தழை, சாணம், மூத்திரம் தோய்ந்த மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கிக் கிளறி ஏறக்குறைய மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார். அதுவே இந்தூர் முறை எனப் பெயர் பெற்றது. பருத்திமார், துவரைமார் போன்ற கடினமான தண்டுகள் எளிதில் மட்குவதில்லையாதலால் அவற்றை வண்டிப்பாதையில் பரப்பி, போகும் வரும் வண்டிச் சக்கரங்களால் நசுங்கச் செய்தபின் குவியலில் சேர்த்தார். முன்தோட்டத்துக் குச்சிகளுக்கும் அவ்விதியே பொருந்தும். விரற்பருமனுக்கு மேற்பட்டவற்றைத் தனியே ஒதுக்கிவிட்டு, ஏனையவற்றை நசுக்கியோ சாணளவில் நறுக்கியோ சேர்க்க வேண்டும். வீட்டின் பின்புறம் ஒரு மீட்டர்ச் சதுர இடம் போதும். பிப்ரவரியில் வெட்டியது, ஈரம் குன்றாமல் கிளறி வந்தால், ஜூலை நடவுக்கு எருவாகக் கைக்கு வரும்.

மீண்டும் நடுதல்

வெறுமையான நிலத்தைக் கண்டதும் நர்சரிக்கு ஓடத் தோன்றும். ஒரு கோடைக்காலம் பொறுப்பது நல்லது. வீட்டோரத்து மண் பெரும்பாலும் மண்ணே அன்று. கட்டட வேலையில் மிஞ்சிய செங்கற்பொடியும் சுண்ணாம்புக் காரையும் ஆகும். தில்லியின் மண் இயல்பிலேயே சற்றுக் காரத்தன்மை உடையது. காரை அதை மிகுதிப்படுத்துகிறது. இத்தகைய மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிட்டாது. தென்னாட்டிலிருந்து வருவோர் ஆசையோடு நடும் வெட்சி இங்கே இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்று வாடுவதற்குக் காரணம் இதுவே. மே மாதத்தில் குழிகளைத் தோண்டி வெயிலில் காயவிட்டு, காரைத் துண்டுகளைப் பொறுக்கி எறிந்து, மட்கிய எருவைக் கலந்து வைத்தால், முதல் மழையில் மண் படிந்துவிடும். தில்லியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஜூன் கடைசிக்கும் செப்டம்பருக்கும் இடையே பெய்வதால், ஜூலையும் ஆகஸ்டும் நடவுக்கு ஏற்ற மாதங்கள்.

குழியின் ஆழத்தைவிட அகலமே முக்கியம். ஆழமாகத் தோண்டித் தளர்ந்த மண்ணால் நிரப்பினால், மண் அமிழும்போது செடியும் அமிழ்ந்து கழுத்து புதைந்துவிடும். தண்டும் வேரும் சேரும் அந்தக் கழுத்து எப்பொழுதும் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். பையிலிருந்து எடுத்தவுடன் வேர்களைப் பார்க்க வேண்டும்; நெடுநாள் பையில் கிடந்த செடியின் வேர் கயிறுபோல் சுற்றியிருக்கும். அதைப் பிரித்தோ, பக்கவாட்டில் கீறியோ விடாவிட்டால், சில ஆண்டுகளில் அவ்வேரே செடியின் கழுத்தை நெரிக்கும்.

நடும் தூரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. செடி முழுவதும் வளர்ந்தபின் எத்தனை மீட்டர் விரியும் என்பதைக் கேட்டறிந்து, அதில் பாதியை எடுத்து, அதனோடு அரை மீட்டர் கூட்டினால், அதுவே சுவரிலிருந்து நட வேண்டிய தூரம். இரண்டு மீட்டர் விரியும் நந்தியாவட்டையைச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நட வேண்டும். கூட்டிய அரை மீட்டர் எதற்கு என்றால், சுண்ணாம்பு அடிப்பவர் நின்று வேலை செய்வதற்கு. இரு செடிகளுக்கு இடையே இருவரின் பாதி விரிவுகளையும் கூட்டிய தூரம் வேண்டும். இக்கணக்கின்படி பார்த்தால், ஆறுக்கு நாலரை மீட்டர் நிலத்தில் நடைவழி போக, பெரிய புதர்கள் மூன்று நான்குக்கு மேல் இடமில்லை. இதைச் சொன்னால் எவருக்கும் திருப்தி ஏற்படுவதில்லை. முதல் மூன்று ஆண்டுகள் தோட்டம் காலியாகத் தோன்றுமே என்பர். அக்காலத்தில் இடைவெளிகளில் குளிர்காலப் பூச்செடிகளையும், துளசி, வெந்தயம், கொத்துமல்லி போன்றவற்றையும் வளர்க்கலாம். பெரியவை விரிய விரிய இவை தாமாகவே ஒதுங்கிவிடும்.

எவற்றை நடுவது என்பது அவரவர் விருப்பம். சன்னலுக்கு முன்னே, முழு வளர்ச்சியில் சன்னற்கட்டையைத் தாண்டாத இனம் வேண்டும். தாண்டுவதைக் கத்தரித்துத் தாழ்த்திக்கொள்ளலாம் என்று தொடங்குவோர் ஆண்டு முழுவதும் கத்தரியோடு நிற்க நேரும். மேற்குப் புறத்தில் உயரமான பவளமல்லி சிறந்தது. தெற்கே தாழ்ந்தவையே வேண்டும்.

நட்டபின் முதல் ஈராண்டு தண்ணீரே எல்லாம். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, மழையில்லாத நாட்களில் மூன்று நாளைக்கு ஒருமுறை பத்து லிட்டர் ஊற்றி ஆழத்தில் இறங்கச் செய்வது நன்று. வேர் நீரைத் தொடர்ந்து கீழே செல்லும். லூ வீசும் மே, ஜூனில் இன்னும் கூடுதலாக வேண்டும். காய்ந்த இலைகளை நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்காகப் பரப்பலாம். தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் பரப்ப வேண்டும்.

எனது வீட்டு முன்தோட்டத்தில் மேற்குச் சுவரோரம் ஒரு பழைய பவளமல்லி உண்டு. யார் நட்டது என்று தெரியாது. அதையும் நீக்கிவிடலாம் என்று எண்ணியிருந்த வேளையில், அவ்வீட்டில் முன்னொரு காலத்தில் குடியிருந்த ஒரு மூதாட்டி அக்டோபர் மாதத்துக் காலையொன்றில் வந்து, பூப்பொறுக்க அனுமதி கேட்டார். நட்டது அவரா என்று கேட்டேன். அவருக்கும் முன்பிருந்தவராம். அதன்பின் அதை நீக்கும் எண்ணம் இல்லை. மூன்று பங்கில் ஒரு பங்காக வெட்டிப் புதுப்பித்து வருகிறேன்.

மாற்றலாகிப் போகிறவர் தமக்குப் பின் வருபவருக்குச் செய்யத்தக்க உதவி ஒன்று உண்டு. முதலில் வரைந்த அந்தத் தாளில், இப்பொழுது உள்ள ஒவ்வொரு செடியின் பெயரையும், நட்ட ஆண்டையும், முழு வளர்ச்சியில் அது எட்டக்கூடிய உயரத்தையும் விரிவையும், நஞ்சுடையதாயின் அதையும், புதைந்த குழாய்கள் செல்லும் வழியையும் எழுதி, மின்மானி இருக்கும் பெட்டியின் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிட்டுப் போகலாம். மழை படாத இடம். புதிதாக வருபவர் முதல் நாளிலேயே திறந்து பார்க்கும் இடமும் அதுவே.